கதவின் மேல் மாவு

இரவுப் பணி முடித்து வந்தவளுக்குக்
காலை பத்து மணி என்பது நள்ளிரவு.
அந்த நள்ளிரவில்தான்
என் தலைக்கு மேல் தொடங்கியது:
தொப், தொப், ஓர் இழுப்பு,
மறுபடி தொப்.

பெராரா நகரத்து நவம்பர் மூடுபனி
ஜன்னலில் ஈரத்துணியாக ஒட்டியிருந்தது.
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினேன்.
பதிலுக்கு அவரும் தட்டினார், மரியாதையாக.
அதற்குமேல் தூங்க முடியுமா?
கம்பளிக் காலுறையோடு மாடியேறினேன்,
சண்டைக்கு வேண்டிய வாக்கியங்களைப்
படிக்கு ஒன்றாகக் கோத்தபடி.

திறந்தவருக்குப் புருவம் வரை மாவு.
எர்மெஸ் என்றார். குடிவந்து ஒன்பது நாள்.
விவாகரத்தில் மேசை அவளுக்குப் போயிற்று,
நாற்காலி இரண்டு இவருக்கு வந்தன.
குளியலறைக் கதவைக் கழற்றி
அவற்றின்மேல் கிடத்தியிருந்தார்.
கைப்பிடியை எடுத்தவர்
சாவித்துளையை அடைக்க மறந்துவிட்டார்.

நானூறு கிராம் மாவு, நாலு முட்டை.
குன்றாகக் குவித்து, நடுவில் குழி பறித்து,
முட்டைகளை ஊற்றி
முள்கரண்டியால் கலக்கும்போது
கரை உடைந்திருக்கிறது.
ஒரு மஞ்சள்கரு, வழி தெரிந்ததுபோல்,
நேராகச் சாவித்துளைக்குள் போய்
அவருடைய இடது செருப்பில் இறங்கியிருக்கிறது.
"இது மூன்று முட்டை மாவுதான்" என்றார்,
"நாலாவதன்மேல் நின்றுகொண்டிருக்கிறேன்."

என் வாக்கியங்களில் ஒன்றுகூட
இதற்குப் பொருந்தவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?"
"அரைமணி மாவு ஓய்வெடுக்கும். சத்தம் வராது."
கிண்ணத்தைக் கவிழ்த்து அதை மூடினார்.
மாவுக்குக் கிடைத்த தூக்கம்
எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல நினைத்து
நின்றபடியே கொட்டாவி விட்டேன்.

தொட்டுப் பார்த்தேன். காதுமடலின் மென்மை.
உருட்டுக்கட்டையும் அவளோடு போய்விட்டதால்
காலி ஒயின் பாட்டிலால் தேய்த்தார்.
விரிந்தது, சுருங்கியது, முரண்டு பிடித்தது,
பிறகு மனம் மாறி விரிந்தது.
சாவித்துளை அடியில் ஒரு நிழலாகத் தெரிந்ததும்
போதும் என்றேன். யார் கேட்டார்கள் என்னை?
கட்டுத்துணி மடித்துப் பழகிய கை இது.
மடித்தேன். அவர் வெட்டினார்.
விரல் அகல நாடாக்கள்,
சில இடத்தில் இரண்டு விரல்.

பானையில் தண்ணீர் வைத்தார்.
குமிழைத் திருகினார்.
மறுபடி திருகினார்.
தீக்குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது.
"செவ்வாய்க்கிழமைதான் எரிவாயு தருவார்கள்"
என்றார், அப்போதுதான் நினைவு வந்தவராக.
அன்று சனிக்கிழமை.

மூடுபனியைப் பார்த்தோம் கொஞ்ச நேரம்.

"அந்த முனையைத் தூக்குங்கள்" என்றேன்.
"கால்பக்கம் முதலில். படியிறங்கும்போது
நோயாளிக்கு அதுதான் முறை."
தூசி படாமலிருக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தோம்.
நாயோடு மேலே வந்த பெர்தில்லா
சுவரோடு ஒதுங்கி நின்று
சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள்.
நாய் மட்டும் வாலாட்டியது.
எர்மெஸ் சிரித்ததில் கதவு சாய்ந்தது,
கீழ்முனையை நெஞ்சால் தாங்கினேன்.

இரண்டு நிமிடம்தான் வேக.
வெண்ணெய் இருந்தது, ஓரம் காய்ந்த பாலாடைக்கட்டி இருந்தது.
தண்ணீரில் உப்புப் போட நான் மறந்தேன்.
மெல்லிய இடம் வாயில் கரைந்தது,
தடித்த இடம் பல்லைக் கேட்டது.
நாலு பேர் அளவை இரண்டு பேர் முடித்தோம்.
அதிகம் பேசவில்லை.
ஒரு தடவை மட்டும், தட்டைப் பார்த்தபடி,
"மேசையைத்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

நாற்காலியிலேயே உறங்கிப்போனேன்.
விழித்தபோது மணி நாலு.
பாத்திரங்கள் கழுவியிருந்தன.
கதவு என் சுவரில் சாய்ந்திருந்தது,
மாவு சுரண்டிய வெள்ளைக் கோடுகளோடு.
மேலே நடமாட்டமே கேட்கவில்லை,
செருப்பில்லாமல் நடக்கிறார்போலும்.

செவ்வாய் வந்து போயிற்று.
எரிவாயு வந்துவிட்டது, படியில் மணக்கிறது வெங்காயம்.
கதவைக் கேட்டு அவர் வரவில்லை,
நானும் கூரையைத் தட்டிச் சொல்லவில்லை.
தனியாளின் குளியலறைக்குக் கதவு எதற்கு?
சாவித்துளையில் மஞ்சள் காய்ந்து இறுகியிருக்கிறது.
கொண்டையூசியால் நோண்டிப் பார்த்தேன்.
வரவில்லை.